மிலேட்டஸ்காரர் சொன்னது

என்னைக் காலிசெய்த அறிக்கை ஒன்பது பக்கம். ஓரிடத்தில்கூட எழுதியவர் மரியாதை தவறவில்லை. திட்டி எழுதியிருந்தால் பதிலுக்கு நாலு திட்டு திட்டிவிட்டு மத்தியானச் சோற்றைத் தின்றிருப்பேன். 'கட்டுரையாளரின் உழைப்பு மதிக்கத்தக்கது' என்று தொடங்கி, அந்த உழைப்பு எப்படி ஒன்றுமில்லாமல் போகிறது என்பதை நிதானமாக, ஒவ்வொரு செங்கல்லாக உருவிக் காட்டியிருந்தார்.

நான் அஹமது கபீர். கூத்தாநல்லூர். கல்லூரியில் அரபி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். என் வயதுக்காரர்கள் மலேசியாவுக்கும் குவைத்துக்கும் போய் மாடிக்கு மேல் மாடி கட்டினார்கள். நான் ஊரிலேயே உட்கார்ந்து, தரங்கம்பாடிப் பக்கம் யாரோ பாதிரியார் விட்டுப்போன இலக்கணப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, நாற்பது வயதில் பழைய கிரேக்கம் படித்தேன். ஊர் இதை இன்னும் மன்னிக்கவில்லை. பள்ளிவாசலில் பார்க்கிறவர்கள், "கிரேக்கம் எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள், சீக்கு வந்த மாட்டை விசாரிக்கிற மாதிரி. நல்லா இருக்கு என்று சொல்லி நகர்ந்துவிடுவேன்.

எதற்குக் கிரேக்கம்? ஒரே ஒரு ஆளுக்காக. இரண்டாயிரத்து அறுநூறு வருடத்துக்கு முன் மிலேட்டஸ் என்ற துறைமுகப் பட்டணத்தில் ஒருவர் இருந்தார். கிரேக்கர்களில் தத்துவம் பேசிய முதல் ஆள் அவர்தான் என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் சொன்னதாகவும் சொல்லும். அவர் பெயரை நான் சொல்வதில்லை. எங்கள் பக்கத்தில் பாதிப் பேரை ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். எனக்கு அவர் மிலேட்டஸ்காரர். என் மனைவி ஆயிஷாவுக்கு அவர் தண்ணிக்காரர். நான் வெளியே போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவாள்.

"இன்னக்கி என்ன சொன்னாரு ஒங்க தண்ணிக்காரரு?"

நானும் எதையாவது சொல்வேன். அவளும் பாதி கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். முப்பது வருடத்துக் குடும்பத்தில் அதுவே பெரிய ஆதரவு.

மிலேட்டஸ்காரர் விஷயத்தில் ஒரு சங்கடம் உண்டு. அவர் எழுதியது என்று ஒரு வரிகூட உலகத்தில் இல்லை. அவர் போய்ச் சேர்ந்து இருநூறு வருடம் கழித்து, ஏதென்ஸில் பள்ளி நடத்திய ஒரு பெரிய மனிதர், 'அவர் இப்படிச் சொன்னார்' என்று தம் பள்ளியின் சொற்களில் சொல்லிவைத்தார். எல்லாவற்றுக்கும் அடிப்படைப் பொருள் தண்ணீர் என்கிறோமே, அதில் அடிப்படைப் பொருள் என்பது ஏதென்ஸ்காரருடையது. தண்ணீர் மட்டும்தான், அதுவும் ஒருவேளை, மிலேட்டஸ்காரருடையது. இன்றைய ஆய்வாளர்களுக்கு இதுதான் பிழைப்பு. பின்னால் வந்தவர்கள் பூசிய சாந்தைச் சுரண்டிச் சுரண்டி, அடியில் பழைய ஆளின் குரல் கொஞ்சமாவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சுரண்டி முடிக்கும்போது பெரும்பாலும் சுவரே இருக்காது.

எனக்கு ஒரு வாக்கியம் கிடைத்தது. ஆயிரம் வருடத்துக்கு முன் பாக்தாத்தில் யாரோ ஒருவர் பழைய ஞானிகளின் பேச்சுகளை அரபியில் தொகுத்திருக்கிறார். தொகுத்தவர் யாரென்று தெரியாது. அதன் நகலில், மிலேட்டஸ்காரர் பெயருக்குக் கீழே இப்படி இருந்தது: 'நீர் தன்னிடம் வருவதை மறுப்பதில்லை, தன்னை விட்டுப் போவதைப் பிடித்து வைப்பதும் இல்லை.'

படித்த அன்று வெண்ணாற்றங்கரையில் போய் உட்கார்ந்து அழுதேன். ஏதென்ஸ்காரரின் பள்ளிக்கூடச் சொல் ஒன்றுகூட அதில் இல்லை. வருகிறது, போகிறது, மறுப்பதில்லை. கரையில் நின்று தண்ணீரைப் பார்த்த ஒரு மனிதர் பக்கத்தில் நிற்பவரிடம் பேசுகிற பேச்சு. ஏதென்ஸ் பக்கமே போகாமல் வேறு வழியாக, கிரேக்கத்திலிருந்து, சிரியாப் பக்கத்துக் கிறிஸ்தவர்களின் பழைய மொழியான சிரியாக்குக்கும் அங்கிருந்து அரபிக்கும் வந்து, கடைசியில் வெண்ணாற்றங்கரையில் என் மடியில் விழுந்த அவருடைய சொந்த வாக்கியம் அது என்று நம்பினேன். இருபது வருடம் அதற்குச் சான்று தேடினேன். போன மாசியில் வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரையாக அனுப்பினேன். அறுபத்து மூன்று வயதில் என் முதல் கட்டுரை. கடைசியும் அதுதான் என்று எனக்குத் தெரியும். அது அச்சானால் நான் ஏதோ ஒன்றுக்காக வாழ்ந்தேன் என்று ஆகும். ஆகாவிட்டால் ஊர் சொல்வதுதான் சரி.

டெல்டாவில் பழைய கிரேக்கம் படிக்கத் தெரிந்தவர்கள் நான் அறிந்தவரை இரண்டு பேர். நான் ஒருவன். மற்றவர் செம்மொழி, தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவர். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வாய்க்கால் போய் முடிகிற கடைமடையில், தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் நட்டு அறுத்த குடும்பம். அப்பா சாமிதுரை இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்திருக்கிறார். மகள் உதவித்தொகையில் ஜெர்மனி போய் கிரேக்கமும் கூடவே சிரியாக்கும் படித்துவிட்டு வந்தார். வயதில் என்னைவிட இருபது இளையவர். கிரேக்கத்தில் நான் எழுத்துக்கூட்டித் திணறும் இடத்தை அவர் தினத்தாள் வாசிக்கிற மாதிரி வாசித்துக்கொண்டு போவார்.

எட்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் அவர் வீட்டில் இரண்டு பேருமாக உட்கார்ந்து பழைய கிரேக்கர்களைப் படித்துவந்தோம். நான் பஸ்ஸில் போவேன். அவர் டீ போடுவார். சண்டை போடுவோம். எனக்கு நம்பிக்கை அதிகம், அவருக்குச் சந்தேகம் அதிகம். "சார், நீங்க எல்லாத்தையும் நம்புறீங்க" என்பார். "நீங்க எங்கயாவது ஒரு எடத்துலயாச்சும் நம்புங்கம்மா" என்பேன். என் வாழ்க்கையில் நான் கொஞ்சம் சந்தோஷமாக இருந்த நேரம் என்று யாராவது கேட்டால் அந்தச் சனிக்கிழமைகளைத்தான் சொல்வேன்.

அப்படி ஒரு நாள் செம்மொழி தம் படிப்பைப் பற்றிச் சொன்னார். கல்லூரியில் பேரும் தெருவும் தெரிந்த வாத்தியார்கள் போடுகிற உள்மதிப்பெண் அவருக்கு எப்போதும் குறைவாகவே வரும். பல்கலைக்கழகப் பரீட்சை வந்தது. விடைத்தாளில் பேரை மறைத்து டம்மி நம்பர் போட்டு எங்கோ அனுப்பித் திருத்தினார்கள். செம்மொழி முதலாவதாக வந்தார்.

"அந்த டம்மி நம்பர்தான் சார் எனக்குச் சாமி" என்றார். "யார் எழுதுனதுன்னும் தெரியக் கூடாது, யார் திருத்துனதுன்னும் தெரியக் கூடாது. அது இல்லன்னா நான் இன்னக்கி எங்கப்பா கூட வரப்புல நின்னுட்டிருப்பேன்."

நான் தலையாட்டினேன். அது எனக்கு எதிராகத் திரும்பும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்.

கட்டுரையைச் செம்மொழியிடம் நான் காட்டவில்லை. அந்த வாக்கியத்தைப் பற்றி எட்டு வருடத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அச்சான பிறகு இதழைக் கையில் கொடுத்து அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை என்று சொல்லிக்கொண்டேன். உள்ளபடிக்கு, காட்டினால் இல்லை என்று சொல்லிவிடுவார் என்ற பயம். கட்டுரையில் என் பெயர் இருக்கக் கூடாது என்பது இதழின் விதி. எடுத்துவிட்டேன். ஆனால் செம்மொழியின் பழைய கட்டுரைகளை மரியாதைக்காக மூன்று இடத்தில் மேற்கோள் காட்டியிருந்தேன். வந்த கட்டுரையைப் படித்து அச்சிடலாமா என்று சொல்ல இதழ்க்காரர்கள் மதிப்பீட்டாளரைத் தேடும்போது அடிக்குறிப்பில்தான் தேடுவார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. முதல் கட்டுரைக்காரனுக்கு அந்தச் சூட்சுமமெல்லாம் எங்கே தெரியும்.

மதிப்பீட்டாளரின் அறிக்கை ஆனி மாதம் ஒரு புதன்கிழமை காலையில் வந்தது. தெருமுனைக் கடையில் அச்செடுத்துக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்து படித்தேன்.

நாலாவது பக்கத்திலேயே முடிந்துவிட்டது. தொகுப்பாளருக்கு இருநூறு வருடம் முன்னால் வாழ்ந்த ஒரு சிரியாக் துறவி, ஞானஸ்நானத் தண்ணீரைப் பற்றி ஏழை ஜனங்களுக்குச் செய்த பிரசங்கம் ஒன்று இருக்கிறதாம். நீர் தன்னிடம் வருகிறவரை மறுப்பதில்லை, தன்னை விட்டுப் போகிறவரைப் பிடித்து வைப்பதில்லை என்று துறவி சொல்கிறார். மிலேட்டஸ்காரர் பேச்சே அதில் இல்லை. பாக்தாத் தொகுப்பாளர் நல்ல வாக்கியமாக இருக்கிறதே என்று எடுத்து, தண்ணீர் என்று இருந்ததால், தண்ணீரைப் பற்றிப் பேசிய பழைய ஞானியின் பெயரை மேலே ஒட்டிவிட்டார். எளிய சொற்கள் இருப்பதால் வாக்கியம் பழையது என்று கட்டுரையாளர் வாதிடுகிறார். பாமரர்களுக்குப் பேசிய துறவியும் எளிய சொற்களில்தானே பேசியிருப்பார் என்று அறிக்கை கேட்டது. சிரியாக் மூலம், பக்க எண், எல்லாம் கொடுத்திருந்தது.

இருபது வருடம் நான் மிலேட்டஸ்காரர் பேச்சு என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது யாரோ ஒரு துறவியின் குரல். ஆயிஷா சாப்பிடக் கூப்பிட்டாள். பசிக்கவில்லை என்றேன்.

அதற்கு மேல் படித்திருக்க வேண்டாம். படித்தேன். ஏழாவது பக்கத்தில் இப்படி எழுதியிருந்தது: 'ஆற்றுக் கழிமுகத்து நெல்வயல்களில் மேல்வயலின் வடிகால் கீழ்வயலுக்குப் பாசனமாகிறது. கடைசி வயலில் நிற்பவர் கையில் அள்ளும் தண்ணீர் ஆற்றின் தலைப்பிலிருந்து வந்ததுதான். ஆனால் எத்தனை வயலின் சேற்றைக் கடந்து வந்தது என்று அந்தக் கையால் சொல்ல முடியாது. நம் துறையில் எல்லோரும் கடைசி வயலில்தான் நிற்கிறோம்.'

தாளை மடியில் வைத்துவிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் செம்மொழி ஊரில் பொங்கலுக்கு அழைத்தார்கள் என்று போயிருந்தேன். சாயங்காலம் சாமிதுரையின் வயல் வரப்பில் நின்றோம். வாய்க்காலில் இருந்து கையில் தண்ணீரை அள்ளிக் காட்டி நான்தான் சொன்னேன். "பாருங்கம்மா, மேல்வயல் வடிகாலு கீழ்வயலுக்குப் பாசனம். இதுவும் மேட்டூர்த் தண்ணிதான். ஆனா எத்தன வயச் சேத்துல ஏறி எறங்கி வந்துச்சுன்னு என் கைக்குத் தெரியுமா? நம்ம பொழப்பும் அதுதான். நாம ரெண்டு பேரும் கடைசி வயல்ல நிக்கிறோம்." செம்மொழி ரொம்ப நேரம் சிரித்தார். இதை எங்கேயாவது எழுத வேண்டும் சார் என்றார்.

எழுதிவிட்டார்.

ஒரு பேச்சு யாருடையது என்று கண்டுபிடிப்பதுதான் என் தொழில். மிலேட்டஸ்காரர் விஷயத்தில் இருபது வருடம் தோற்ற எனக்கு இதைக் கண்டுபிடிக்க இரண்டு வரி போதுமாக இருந்தது. கோபம் வந்தது. கட்டுரையைப் படித்த முதல் பக்கத்திலேயே என்னுடையது என்று அவருக்கும் தெரிந்திருக்கும். அரபியில் மிலேட்டஸ்காரரைத் தேடுகிற கிறுக்கன் இந்தப் பூமியில் வேறு யார்? தெரிந்தும் நடுவில் எத்தனை சனிக்கிழமைகள் என் எதிரில் உட்கார்ந்து டீ குடித்தார். கோபம் கொஞ்ச நேரம்தான் நின்றது. பிறகு வந்தது வேறு. என் வாக்கியம் போனது போகட்டும், அவர் வாயால் 'நான்தான் சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மிச்ச நாளை ஓட்டிவிடலாம் என்று தோன்றியது. அந்த ஒரு வார்த்தை எனக்கு வேண்டியிருந்தது. அதை நானாகக் கேட்கக் கூடாது, அவராகச் சொல்ல வேண்டும்.

மறுநாள் வியாழக்கிழமை. மன்னார்குடி போய் தஞ்சாவூர் பஸ் ஏறினேன். ஆற்றில் தண்ணீர் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வழியெல்லாம் குறுவை நடவு. வடுவூரில் பஸ் நின்றபோது நடவு இயந்திரம் ஒன்று வயலில் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு எதைப் பார்த்தாலும் எரிச்சலாக வந்தது.

செம்மொழி கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒன்று வந்து போனது. நான் அதைத் தேடிக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரிந்தது.

"வாங்க சார். வியாழக்கிழம வந்துருக்கீங்க. உடம்பு ஏதும் சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. ஒரு ஒதவிக்கு வந்தேன்."

டீ வந்தது. குடித்துவிட்டுப் பையிலிருந்து தாள்களை எடுத்தேன்.

"நான் ஒரு கட்டுரை எழுதி அனுப்பியிருந்தேன். ஒங்ககிட்ட சொல்லல, கோவிச்சுக்காதீங்க. மதிப்பீட்டாளர் இத எழுதியிருக்காரு. பதில் எழுதணும். எனக்கு சிரியாக் தெரியாது. ஒங்கள விட்டா யாரு இருக்கா?"

கையை நீட்டி வாங்கிக்கொண்டார். படித்தார். நிதானமாக, ஒரு பக்கம் முடித்து அடுத்த பக்கம் திருப்பி, ஒன்பது பக்கத்தையும் படித்தார். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினார். எனக்கு ஒரு நிமிஷம் சந்தேகமே வந்துவிட்டது, தப்பாக நினைத்துவிட்டேனோ என்று. அப்புறம்தான் மேஜையைப் பார்த்தேன். அவருடைய மூக்குக்கண்ணாடி மடித்து வைத்தபடி கிடந்தது. கண்ணாடி இல்லாமல் செம்மொழியால் பஸ் டிக்கெட்டைக்கூடப் படிக்க முடியாது. எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"என்னம்மா நெனக்கிறீங்க?"

"அந்தப் பிரசங்கம் நான் பாத்துருக்கேன் சார். அவரு சொல்றது சரிதான்."

"பிரசங்கத்துக்குப் பிந்தி யாராச்சும் சேத்துருக்கலாமே. அந்தத் தொறவியே மிலேட்டஸ்காரர்கிட்டருந்து எடுத்துருக்கலாமே."

"அதுக்கு ஒரு சான்று வேணும்ல சார்." தாள்களை மடியில் வைத்துக்கொண்டார். "இல்ல. எங்கயும் இல்ல."

எங்கும் இல்லை என்று உட்கார்ந்த இடத்தில் எப்படித் தெரியும்? தேடியிருக்கிறார். எனக்காக, என் வாக்கியம் பிழைக்க வழி ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார். அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

"இத எழுதுனவரு யாரா இருக்கும்?" என்றேன்.

"தெரியக் கூடாதுங்கறதுதானே சார் விதி."

"சரி. கட்டுரைய எழுதுனது தனக்குத் தெரிஞ்ச ஆளுன்னு மதிப்பீட்டாளருக்குத் தெரிஞ்சா?"

"திருப்பி அனுப்பிடணும்."

செம்மொழி தாள்களை மேஜையில் அடுக்கி ஓரத்தைத் தட்டிச் சரிசெய்தார். சரியாக இருந்ததையே மறுபடி தட்டினார்.

"ஆனா திருப்பி அனுப்பிட்டா அது யார் கைக்குப் போவும் சார்? அவங்களுக்கு அரபியும் தெரியாது, சிரியாக்கும் தெரியாது. நாலு வரில கேலி பண்ணிட்டு முடிச்சிருவாங்க. இவரு அப்படிப் பண்ணல. ஒவ்வொரு அடிக்குறிப்பையும் எடுத்துப் பாத்துருக்காரு. முழுசாப் படிச்சிருக்காரு."

"ஆமாம்மா" என்றேன். "இருவது வருசத்துல என்னைய முழுசாப் படிச்சது இவரு ஒருத்தருதான்."

அவர் உதடு அசைந்தது. இதோ வந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் எழுந்து போய் டீ டம்ளர்களைக் கழுவும் இடத்தில் வைத்துவிட்டு வந்தார். வந்தபோது முகம் கழுவியிருந்தது.

எனக்கு மானம் விட்டுப்போயிற்று. ஏழாவது பக்கத்தை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

"இந்த எடத்தப் பாருங்க. வயலு, வடிகாலு, கடைசி வயலு. யாருக்கு இப்படித் தோணும்?"

அவர் தாளைப் பார்க்கவில்லை. "நெல்லு வெளையிற கழிமுகம் எத்தனையோ இருக்கு சார். வியட்நாம்ல இருக்கு. எகிப்துல இருக்கு."

"இருக்கு" என்றேன்.

அவ்வளவுதான். அதற்கு மேல் நான் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருக்கலாம். கேட்டு வாங்குகிற பேச்சு எனக்கு எதற்கு? அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. பேர் தெரியாத கை போட்ட மதிப்பெண்ணில் ஏறி வந்தவர். எனக்காக அந்தத் திரையை விலக்கினால் அவர் ஏறிவந்த படி ஆடும். பொய்யாக ஒரு நல்ல வார்த்தை எழுதியிருந்தால் என் கட்டுரை அச்சாகியிருக்கும், உலகத்தில் கேட்பார் யாரும் இல்லை. எழுதவில்லை. நான் அவர் இடத்தில் இருந்தால் எழுதியிருப்பேன். அதனால்தான் அவர் நல்ல ஆய்வாளர், நான் அரபி வாத்தியார்.

"பதில் எழுதணும்னீங்களே சார்" என்றார். மடிக்கணினியைத் திறந்து, இப்போது கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

நான் சொல்லச் சொல்ல அவர் ஆங்கிலத்தில் தட்டினார். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மதிப்பீட்டாளர் சொல்வது சரி. அந்த வாக்கியம் மிலேட்டஸ்காரருடையது அல்ல. இதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. அவர் விரல் எங்கும் தடுக்கவில்லை.

"கடைசியில நன்றி சொல்றது வழக்கம்ல" என்றேன். "பெயர் தெரியாத மதிப்பீட்டாளருக்கு என் நன்றி. இவ்வளவு கவனமாக என்னை யாரும் படித்ததில்லை."

தட்டினார்.

"இன்னும் ஒண்ணு. எட்டு வருடமாக என்னோடு சேர்ந்து படித்த நண்பர் செம்மொழிக்கும் நன்றி."

விரல் நின்றது. திரையைப் பார்த்தபடியே இருந்தார்.

"என் பேரு வேணாம் சார்."

"ஏம்மா?"

"வேணாம் சார்."

"சரி, எடுத்துருங்க."

தட்டாத வரியை எடுப்பதற்கு ஒன்றுமில்லை. அனுப்புங்க என்று நான் சொல்ல, அவர் என் மின்னஞ்சலிலிருந்து அனுப்பினார். இருபது வருடம் அந்த ஒரு விரல் அழுத்தத்தில் போயிற்று.

வாசல் வரைக்கும் வந்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சனிக்கிழம வருவீங்கள்ல சார்?"

"பாக்குறேம்மா."

எங்கள் பக்கத்தில் பார்க்கிறேன் என்று சொன்னால் வரமாட்டேன் என்று அர்த்தம். அவருக்கும் அது தெரியும். அவருக்கும் இதே பக்கம்தானே. தலையை ஆட்டினார். நான் திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். பார்த்திருந்தால் ஒருவேளை கூப்பிட்டிருப்பாரோ என்று இப்போதும் நினைக்கிறேன். நினைத்து என்ன செய்வது.

பஸ்ஸில் கூட்டம். கண்டக்டர் சில்லறைக்கு யாரிடமோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நான் கணக்குப் போடுகிற ஆள் இல்லை, ஆனால் ஒன்று மட்டும் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டாயிரத்து அறுநூறு வருடத்துக்கு அப்பால் இருக்கிறவர் வாயிலிருந்து ஒரு சொந்தப் பேச்சைக் கேட்டுவிடலாம் என்று அலைந்தவன் நான். கைக்கெட்டுகிற தூரத்தில், அதே மேஜையில், டீ குடித்துக்கொண்டிருந்தவர் வாயிலிருந்து என்னால் ஒரு வார்த்தையை வாங்க முடியவில்லை. இவரையே கேட்க முடியாதவன் அவரை எங்கே கேட்கப் போகிறேன். வெளியே வாய்க்காலெல்லாம் நிறைய தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது சாயங்கால அஸர் தொழுகை முடிந்திருந்தது. ஆயிஷா வாசலில் நெத்திலி காயவைத்த முறத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் வழக்கம்போலக் கேட்டாள்.

"என்ன சொன்னாரு இன்னக்கி ஒங்க தண்ணிக்காரரு?"

"ஒண்ணும் சொல்லல ஆயிஷா."

"அதிசயமா இருக்கே. இருவது வருசமா பேசிக்கிட்டே இருந்தாரு."

"அவரு பேசல. நாந்தான் பேசிக்கிட்டு இருந்துருக்கேன்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கிறவரைக்கும் பக்கத்திலேயே நின்றாள்.

சனிக்கிழமை வந்தது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் போனேன். மன்னார்குடி பஸ் வந்தது. ஏறவில்லை.